வளைபாதத்துடன் பிறந்த குழந்தைக்கு எந்தச் சிகிச்சை: பின்வரும் ஐந்து ஆண்டுகளை முன்வைத்து ஓர் ஒப்பீடு

பாதம் உள்நோக்கி மடங்கி, உள்ளங்கால் மேலே பார்க்கும்படி பிறந்த குழந்தையைக் கையில் ஏந்திய பெற்றோர், பிரசவக் களைப்பு தீர்வதற்கு முன்பே ஒரு முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் முன் பொதுவாக மூன்று வழிகள் வைக்கப்படுகின்றன. வாரந்தோறும் மாவுக்கட்டு மாற்றிப் பாதத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பும் பொன்செட்டி முறை ஒன்று. தினமும் இயன்முறை மருத்துவர் கையால் நீவி, பட்டை ஒட்டித் திருத்தும் பிரெஞ்சு முறை இன்னொன்று. குழந்தைக்குச் சில மாதங்கள் ஆனபின் மூட்டுகளைத் திறந்து ஒரே தடவையில் நேராக்கும் பெரிய அறுவை சிகிச்சை மூன்றாவது. என் மகன் பிறந்தபோது நானும் என் கணவரும் இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, எதில் கால் சீக்கிரம் நேராகும் என்று மட்டுமே பார்த்தோம். அவனுக்கு இப்போது ஏழு வயது. நேரான கால் நேராகவே நிற்பதற்கு அடுத்த ஐந்து ஆண்டுகள் வீட்டில் யார் என்ன செய்ய வேண்டும், அந்தப் பாதம் முப்பது வயதில் எப்படி இருக்கும் என்ற இரண்டு கேள்விகளைத்தான் அன்று நாங்கள் கேட்டிருக்க வேண்டும். இந்த ஒப்பீட்டை அந்த இரண்டு கேள்விகளை வைத்தே செய்கிறேன்.

முதலில் குறைபாட்டைப் பற்றிச் சில செய்திகள். ஏறக்குறைய ஆயிரம் பிறப்புகளில் ஒன்றில் வளைபாதம் காணப்படுகிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு இரு மடங்கு வருகிறது. பாதிக்கப்பட்ட குழந்தைகளில் சுமார் பாதிப் பேருக்கு இரண்டு பாதங்களும் மடங்கியிருக்கும். கர்ப்ப காலத்தில் தாய் படுத்த விதமோ, உண்டதோ, வேலை செய்ததோ இதற்குக் காரணம் இல்லை. இதை எந்தத் தாய்க்கும் முதல் நாளிலேயே யாராவது சொல்லிவிட வேண்டும். எனக்கு ஆறாவது நாளில்தான் சொன்னார்கள், அந்த ஐந்து நாட்களை என்னால் மறக்க முடியவில்லை. பாதத்தில் நான்கு கோணல்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன: பாத வளைவு அளவுக்கு மீறி உயர்ந்திருக்கும், பாதத்தின் முன்பகுதி உள்ளே திரும்பியிருக்கும், குதிகால் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும், குதிகால் மேலே இழுக்கப்பட்டு விரல்நுனி கீழே நோக்கியிருக்கும். பச்சைக் குழந்தையின் பாத எலும்புகள் பெரும்பகுதி இன்னும் குருத்தெலும்பாக இருப்பதாலும், தசைநார்கள் நெகிழக் கூடியவை என்பதாலும்தான் கத்தியில்லாமல் இவற்றைத் திருத்த முடிகிறது.

எந்த வழியையும் தேர்ந்தெடுப்பதற்கு முன் குழந்தையின் முதுகுத்தண்டு, இடுப்பு மூட்டுகள், கைகள் ஆகியவற்றை மருத்துவர் பார்த்துவிட்டாரா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பெரும்பாலான குழந்தைகளுக்குப் பாதத்தைத் தவிர வேறு குறை இருக்காது. ஆனால் முதுகுத்தண்டு முழுமையாக மூடாத குழந்தைக்கும், பிறவியிலேயே பல மூட்டுகள் இறுகியிருக்கும் குழந்தைக்கும் வளைபாதம் வரும்போது அதன் போக்கு வேறு. கட்டுகள் அதிகம் தேவைப்படும், கோணல் திரும்பி வருவதும் அதிகம். முதுகுத்தண்டுக் குறையால் பாதத்தில் உணர்ச்சி குறைவாக இருந்தால் கட்டோ காலணியோ உரசிப் புண்ணானாலும் குழந்தை அழாது. நான் கீழே எழுதுவது பாதத்தில் மட்டும் குறையுள்ள குழந்தைகளைப் பற்றியது.

பொன்செட்டி முறை, ஸ்பெயினின் மெனோர்காத் தீவில் 1914-இல் பிறந்து அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இக்னாசியோ பொன்செட்டி என்ற எலும்பு மருத்துவரின் கண்டுபிடிப்பு. 1940-களின் இறுதியில் அவர் தொடங்கிய இந்த முறையின் முடிவுகள் 1963-இல் வெளியாயின. இருந்தும் பல பத்தாண்டுகள் மருத்துவ உலகம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1990-களின் பிற்பகுதியில் இணையத்தில் ஒருவரோடொருவர் பேசத் தொடங்கிய பெற்றோர்கள்தான் தங்கள் மருத்துவர்களிடம் இதைக் கேட்டு வாங்கினார்கள்.

மாவுக்கட்டு அதற்கு முன்பும் போடப்பட்டுவந்தது, அது பெரும்பாலும் தோற்றுக்கொண்டும் இருந்தது. பாதத்தின் வெளிவிளிம்பின் நடுவில் விரலை வைத்து அழுத்தி முன்பாதத்தை வெளியே தள்ளுவது பழைய பழக்கம். அப்படி அழுத்தினால் குதிகால் எலும்பு திரும்பாமல் அங்கேயே சிக்கிக்கொள்கிறது. பொன்செட்டி, கணுக்காலுக்குச் சற்று முன்னால் வெளிப்புறமாகப் புடைத்துத் தெரியும் தாலஸ் எலும்பின் தலையில் கட்டைவிரலை ஊன்றி, அதை அச்சாக வைத்து மொத்தப் பாதத்தையும் வெளிநோக்கிச் சுழற்றினார். எங்கள் மகனுக்குக் கட்டுப் போட்டபோது மருத்துவர் என் கட்டைவிரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துக் காட்டினார். ஒரு பட்டாணி அளவுக்கு உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது. அவர் பாதத்தை மெல்லத் திருப்பத் திருப்ப, அந்த உருண்டை என் விரலுக்கடியில் மறைந்துகொண்டே போனது. அவன் பால் குடித்துக்கொண்டிருந்தான், அழவில்லை. சரியாகச் செய்யப்படும் திருத்தம் குழந்தைக்கு வலிக்காது என்பதை அந்தச் சில நிமிடங்களில் நான் நம்பினேன்.

கட்டு விரல் நுனியிலிருந்து தொடை வரை, முழங்காலை மடக்கிய நிலையில் போடப்பட வேண்டும். முழங்காலுக்குக் கீழே நிற்கும் கட்டு நழுவும், சுழற்சியையும் தாங்காது. ஐந்து முதல் ஏழு நாட்களுக்கு ஒருமுறை மாற்றினால், பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்து முதல் ஏழு கட்டுகள் போதும். முதல் மூன்று கோணல்களும் கட்டிலேயே தீரும். குதிகால் மேலே இழுபட்டிருக்கும் கடைசிக் கோணலுக்கு, பத்தில் எட்டு ஒன்பது குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாணைச் சிறு கத்தியால் நறுக்கிவிட வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் மரத்துப்போகும் மருந்து மட்டும் தந்து சில நிமிடங்களில் முடிக்கிறார்கள். அதன்பின் மூன்று வாரம் கடைசிக் கட்டு. அறுந்த நாண் அந்த மூன்று வாரத்தில் வேண்டிய நீளத்துக்கு வளர்ந்து சேர்ந்துகொள்கிறது. இந்தச் சிறு அறுவைக்கு அஞ்சி, கட்டுகளை மட்டும் வைத்தே குதிகாலைக் கீழே இறக்கச் சொல்லும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அது ஆபத்தானது, வலிந்து மேலே தள்ளினால் குதிகால் இறங்காமல் பாதத்தின் நடுப்பகுதி உடைந்ததுபோல் கீழ்நோக்கிப் பிதுங்கிவிடும். அதைச் சரிசெய்வது மூலக் கோணலைச் சரிசெய்வதைவிடக் கடினம்.

கட்டுக் காலத்தில் வீட்டில் பார்க்க வேண்டியவை சில உண்டு. விரலை அழுத்தினால் வெளுத்து, விட்டவுடன் சிவப்பேற வேண்டும். விரல்கள் வீங்கினாலோ, கட்டுக்குள்ளிருந்து நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ காத்திருக்கக் கூடாது. எங்களுக்கு நேர்ந்தது வேறு. மூன்றாவது கட்டுப் போட்ட நான்காம் நாள், காலையில் ஐந்தாகத் தெரிந்த விரல்களில் மாலையில் நுனிகள் மட்டுமே தெரிந்தன. பிள்ளை வளர்கிறான் போலும் என்று நினைத்து இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டேன். உண்மையில் கட்டு கீழே நழுவியிருந்தது. பாதம் உள்ளே மடங்கிய நிலையில் நெருக்கப்பட்டுக் குதிகாலில் ஒரு சிவந்த தடம் விழுந்திருந்தது. ஒரு வாரத் திருத்தம் வீணாயிற்று. விரல்கள் மறைந்தால் அன்றே போய் அந்தக் கட்டை எடுத்துவிட வேண்டும் என்பதை முதல் கட்டின்போதே எழுதித் தந்திருக்கலாம்; தராவிட்டால் நீங்களாகக் கேட்டு வாங்குங்கள்.

இனி அறுவை. மூட்டு உறைகளையும் தசைநார்களையும் பல இடங்களில் வெட்டித் தளர்த்தி எலும்புகளைச் சரியான இடத்தில் நிறுத்தும் பெரிய அறுவை, ஒரு காலத்தில் இதற்கான வழக்கமான சிகிச்சையாக இருந்தது. பெற்றோரின் கண்ணோட்டத்தில் அதன் கவர்ச்சி எளிதில் புரிகிறது: ஒரு நாளில் முடிகிறது, பிள்ளையின் கால் அழகாக நேராகிறது, வாராவாரம் அலைய வேண்டியதில்லை. ஆனால் வெட்டிய இடமெல்லாம் தழும்புத் திசு வளர்கிறது, தழும்பு நெகிழாது. அப்படி அறுவை செய்யப்பட்டவர்களைச் சராசரியாக 30 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2006-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, பலருக்குப் பாதம் இறுகி, மூட்டுத் தேய்மானமும் வலியும் வந்திருந்ததைப் பதிவு செய்தது. அறுவை எவ்வளவு விரிவாகச் செய்யப்பட்டதோ, அவ்வளவுக்குப் பாதத்தின் இயக்கமும் குறைந்திருந்தது. பொன்செட்டி முறையில் சிகிச்சை பெற்றவர்களைச் சராசரி 34 வயதில் பரிசோதித்து 1995-இல் வெளியான அயோவா ஆய்வில் 78 விழுக்காட்டினரின் பாதம் நல்ல நிலையிலோ மிக நல்ல நிலையிலோ இருந்தது. அதே அளவுகோலில் பிறவிக் கோணல் எதுவும் இல்லாதவர்களிடம் கிடைத்த எண் 85. இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு சிறியது என்பதைப் பார்த்த பிறகு, பெரிய அறுவையை முதல் வழியாக எடுத்துக்கொள்ள எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. கட்டுக்கு வசப்படாத இறுகிய பாதங்களுக்கு அதற்கு இன்றும் ஓர் இடம் உண்டு, அதுவும் இயன்ற அளவு சிறியதாக.

பிரெஞ்சு முறை கனிவானது. மாவுக்கட்டு இல்லை; இயன்முறை மருத்துவர் வாரத்தில் பெரும்பாலான நாட்கள் பாதத்தை நீவித் திருப்பி, கிடைத்த நிலையைப் பட்டை ஒட்டியும் சிறு பலகை வைத்தும் காக்கிறார். இப்படி இரண்டு மூன்று மாதங்கள். அதற்குள் பெற்றோரும் கற்றுக்கொண்டு வீட்டில் தொடர்கிறார்கள். குழந்தையைக் குளிப்பாட்டலாம், காலில் சதை இயங்கிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவின் டெக்சாஸில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2008-இல் வெளியான ஆய்வில், தொடக்கத் திருத்தம் இரண்டிலும் ஏறத்தாழ 95 விழுக்காடு. பின்னாளில் கோணல் திரும்பியதும் இரண்டிலும் கணிசமாகவே இருந்தது. ஆகவே விளைவை வைத்து ஒன்றைத் தள்ளிவிட முடியாது. வேறுபாடு கைகளில் இருக்கிறது. இந்த நுணுக்கம் அறிந்த இயன்முறை மருத்துவர் அருகில் இருந்து, தினமும் போய்வரக் குடும்பத்தில் ஒருவருக்கு முழு நேரமும் ஓய்வு இருந்தால் மட்டுமே இது நடைமுறைக்கு வரும். எங்களுக்கு இரண்டும் இல்லை. இங்கும் பல குழந்தைகளுக்குக் குதிகால் நாண் அறுவை வேண்டியிருக்கும் என்பதால், கத்தியே வேண்டாம் என்ற ஆசையில் இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஏமாறக்கூடும்.

இதுவரை சொன்னவை முதல் மூன்று மாதக் கதை. கட்டு அவிழ்ந்த நாளன்று கால் நேராகத் தெரிவதைப் பார்த்து உறவினர் எல்லோரும் வேலை முடிந்தது என்றார்கள். நாங்களும் அப்படியே நம்ப விரும்பினோம். ஆனால் பாதத்தை உள்ளே இழுத்த அதே இயல்பு உடலில் இன்னும் இருக்கிறது, வளர்ச்சி வேகமாக இருக்கும் முதல் சில ஆண்டுகளில் அது பாதத்தைத் திரும்ப இழுக்கப் பார்க்கிறது. அதைத் தடுப்பது பிரேஸ்: இரண்டு சிறு காலணிகள், தோள் அகலத்துக்கு ஒரு தண்டு, கோணலாக இருந்த பாதம் 60 முதல் 70 பாகை வெளிநோக்கியும் மற்றது 30 முதல் 40 பாகை வெளிநோக்கியும் நிற்கும்படி ஓர் அமைப்பு. முதல் மூன்று மாதம் ஒரு நாளைக்கு 23 மணி நேரம்; அதன்பின் இரவிலும் பகல் தூக்கத்திலுமாக 12 முதல் 14 மணி நேரம், நான்கு அல்லது ஐந்து வயது வரை. அயோவாவில் 2004-இல் வெளியான கணக்கின்படி, பிரேஸை ஒழுங்காக அணிவித்த குடும்பங்களில் சுமார் 6 விழுக்காட்டுக் குழந்தைகளுக்குத்தான் கோணல் திரும்பியது. அணிவிக்காத குடும்பங்களில் 80 விழுக்காட்டுக்கும் மேல். சிகிச்சை முழுவதிலும் பெற்றோர் கையில் இருக்கும் எண் இது ஒன்றுதான்.

முதல் மூன்று இரவுகள் கடினமானவை. குழந்தை ஒரு காலை மட்டும் உதைக்கப் பார்க்கிறது, முடியாமல் அழுகிறது. எங்கள் இயன்முறை மருத்துவர் சொல்லித் தந்தபடி நான் தண்டின் நடுவைப் பிடித்து, இரண்டு முழங்காலையும் சேர்த்து மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி ஒரு விளையாட்டாக்கினேன். இரண்டு காலையும் ஒன்றாக உதைக்கலாம் என்று கண்டுகொண்ட பிறகு அவன் அடங்கினான். "அழுகிறானே என்று ஒரு ராத்திரி கழற்றினால், அழுதால் கழற்றுவார்கள் என்று அவன் கற்றுக்கொள்வான் அம்மா" என்று அவர் சொன்னது கடுமையாகப் பட்டது, ஆனால் சரியாக இருந்தது. பருத்திச் சாக்ஸ் மடிப்பில்லாமல் இருக்க வேண்டும். நடுப்பட்டையை முதலில் இறுக்க வேண்டும், குதிகாலைக் கீழே பிடித்து வைப்பது அதுதான். சிவந்த தடம் தெரிந்தால் களிம்பு தடவக் கூடாது. தோல் இன்னும் மெலிந்துவிடும். குதிகாலில் கொப்புளம் வந்தால் பெரும்பாலும் காலணி தளர்வாக இருக்கிறது என்று பொருள், இறுக்கமாக இருக்கிறது என்று அல்ல. பாதம் காலணியிலிருந்து திரும்பத் திரும்ப நழுவினால் பிரேஸைக் குறை சொல்வதற்கு முன் பாதத்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும், ஏனென்றால் கோணல் திரும்புவதன் முதல் அடையாளம் அதுவாகவே இருக்கலாம்.

இங்கே இன்னொரு தேர்வும் வருகிறது. தண்டு இல்லாமல், ஒரு காலுக்கு மட்டும் போடும் கணுக்கால் உறை சில இடங்களில் தரப்படுகிறது. பார்ப்பதற்கு இலகுவானது, குழந்தையும் எளிதில் ஏற்றுக்கொள்ளும். ஆனால் பாதத்தை வெளிநோக்கித் திருப்பி வைத்திருக்கும் வேலையை அதனால் செய்ய முடியாது, அதைப் பயன்படுத்திய குழந்தைகளிடம் கோணல் திரும்புவது அதிகம். இலகுவாக இருக்கிறது என்பதற்காக அதை ஏற்பது, அடுத்த ஆண்டு மீண்டும் மாவுக்கட்டுக்குத் திரும்பிப் போவதற்கான வழி என்பதே என் எண்ணம். தண்டுப் பிரேஸைத் தாங்கவே முடியாத குழந்தைக்கு மருத்துவர் யோசித்து முடிவு செய்தால் அது வேறு.

தொடர் பரிசோதனையை எங்கே செய்வது என்பதிலும் பெற்றோர் தடுமாறுகிறார்கள். இந்த முறையில் நன்கு பழகிய மருத்துவமனை தொலைவிலும், பொதுவான எலும்பு மருத்துவர் அருகிலும் இருப்பது வழக்கம். கட்டுப் போடும் ஐந்தாறு வாரங்களுக்குத் தொலைவைப் பொருட்படுத்தக் கூடாது. முறையறியாத கை போடும் கட்டு, கட்டே இல்லாததைவிடத் தீங்கானது. பிரேஸ் காலத்தில் இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம்: தோல், காலணி அளவு, அழுகை போன்றவற்றுக்கு அருகில் உள்ளவர், பாதத்தை அளந்து முடிவு சொல்லத் தொலைவில் உள்ளவர். பிரேஸ் போட்ட இரண்டாம் வாரம், மூன்றாம் மாதம், பிறகு மூன்று வயது வரை நான்கு மாதங்களுக்கு ஒருமுறை, நான்கு வயது வரை ஆறு மாதங்களுக்கு ஒருமுறை, அதன்பின் எலும்பு வளர்ச்சி முடியும் வரை ஓரிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அட்டவணை. நன்றாக ஓடும் பிள்ளையை எதற்குக் காட்டுவது என்று மூன்று வயதுக்கு மேல் நிறுத்திவிடுகிறார்கள். அந்த வயதில்தான் எங்கள் மகனுக்கு மாற்றம் தெரிந்தது: அவன் ஓடும்போது, காலைத் தூக்கும் கணத்தில் பாதம் உள்பக்கமாகத் திரும்பி, வெளிவிளிம்பில் ஊன்றியது. அவனுடைய பழைய காலணியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடிப்பாகம் வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது.

கோணல் திரும்பினால் எல்லாம் போயிற்று என்று எண்ண வேண்டியதில்லை. சிறு வயதில் முதலில் செய்வது மீண்டும் இரண்டு மூன்று மாவுக்கட்டுகள்; தேவைப்பட்டால் குதிகால் நாணை மறுபடி தளர்த்துகிறார்கள்; மீண்டும் பிரேஸ். மூன்று வயதுக்குமேல், பாதத்தை உள்ளே இழுக்கும் முன்கால் தசைநாணைப் பாதத்தின் நடுப்பகுதிக்கு மாற்றிப் பொருத்தும் அறுவை ஒரு நல்ல வழி. ஆறு வாரம் கட்டு, அதன்பின் பெரும்பாலும் பிரேஸ் தேவைப்படாது. இந்த அறுவை மூட்டைத் திறப்பதில்லை. முன்பு சொன்ன பெரிய அறுவையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எங்களுக்கு மூன்று கட்டுகள், பிறகு இந்த நாண் மாற்றம் என்று முடிவாயிற்று. ஐந்தரை ஆண்டில் இரண்டாவது முறை அவன் காலைக் கட்டில் பார்த்தபோது நான் தோற்றதாக நினைத்தேன். பிரேஸை ஒழுங்காக அணிவித்தவர்களிலும் சிலருக்கு இது நேரும் என்பது மேலே நான் எழுதிய அந்த 6 விழுக்காட்டிலேயே இருக்கிறது.

சில வேறுபாடுகள் எந்த வழியிலும் போவதில்லை. பாதிக்கப்பட்ட காலின் கெண்டைச் சதை சற்று மெலிந்தே இருக்கும், பாதம் மற்றதைவிடச் சிறியதாக இருக்கும், இரண்டு அளவில் காலணி வாங்க வேண்டியிருக்கலாம். நடை பழகுவது ஓரிரண்டு மாதம் தள்ளிப்போகலாம். இவற்றுக்காகக் கூடுதல் சிகிச்சை தேடி அலைவது வீண். முதல் நாளிலேயே சொல்லிவிட்டால் பெற்றோர் பதறமாட்டார்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான் வீட்டில் பார்ப்பது ஒன்றுதான். வெறுங்காலுடன் அவனைக் குந்தி உட்காரச் சொல்கிறேன். இரண்டு குதிகாலும் தரையைத் தொட வேண்டும், முழங்கால்கள் விரல்களுக்கு முன்னால் போக வேண்டும், பின்னால் சாயக் கூடாது. போன மாதம் உட்கார்ந்தபோது வலது குதிகாலுக்கடியில் ஒரு தாளை நுழைக்க முயன்றேன், நுழையவில்லை.